கிராண்ட் கேன்யன் அஞ்சலட்டையின் காலம்

வணக்கம். உங்களுக்குக் கிடைத்த, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் படமுள்ள அஞ்சலட்டை 1900-இல் எடுத்த வண்ணப் புகைப்படமா என்று கேட்டிருந்தீர்கள். பின்புறத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரிப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், அட்டை பெரும்பாலும் 1907-க்குப் பிந்தையதே. அவ்வாண்டு மார்ச் 1 முதல்தான் அமெரிக்க அஞ்சல்துறை முகவரிப் பக்கத்தில் செய்தியும் எழுத அனுமதித்தது, அதுவரை படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. படத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் தெரியும் கட்டடம் 1905-இல் திறக்கப்பட்ட எல் டோவர் விடுதி என்றால், அதுவும் இதற்குப் பொருந்துகிறது. உருப்பெருக்கியில் பார்க்கும்போது நுண்புள்ளிகள் தெரிந்தால், கறுப்பு-வெள்ளை நெகட்டிவுக்கு அச்சகத்தில் நிறமேற்றியிருக்கிறார்கள்; படத்திலுள்ள செவ்வானம் அச்சுக்காரரின் கைவண்ணமாகவே இருக்கலாம். ஒரே நெகட்டிவைப் பல ஆண்டுகள் அச்சிட்டதால், அஞ்சல் முத்திரையின் தேதியைப் படமெடுத்த தேதியாகக் கொள்ள வேண்டாம்.