நனைந்த தானியம் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொல்லையில் பறவைகளுக்காகத் தீனிக் குடுவை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். நான்கு நாட்களாக அடைமழை. பசியோடு வருமே என்று தினமும் விளிம்புவரை நிரப்பி வைத்தேன். நேற்று ஒரு குருவி குடுவைக்கு அடியில் சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அருகே போயும் பறக்கவில்லை. காலையில் இறந்து கிடந்தது. குளிர் தாங்கவில்லையா? மழை விடும்வரை தீனியை நிறுத்தினால் மற்றவை பட்டினி கிடக்காதா?

க.

அன்புள்ள க.,

குளிரில் எல்லாப் பறவைகளும்தான் சிறகை உப்பிக்கொள்ளும். ஆனால் நலமாக இருக்கும் குருவி, ஆள் கிட்டே வந்தால் பறந்துவிடும். பறக்காமல் உட்கார்ந்திருந்தது என்றால் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முதல் வேலையாகக் குடுவையை இரண்டு வாரத்துக்கு இறக்கிவிடுங்கள். இறந்த குருவியை வெறுங்கையால் தொட வேண்டாம்.

இறக்கியதும் குடுவையின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தில் நானும் அப்படிப் பார்த்தேன். மேலே தானியம் பொலபொலவென்றுதான் இருந்தது. இரண்டு விரற்கடை கீழே கெட்டியாக ஒரு கட்டி, அதில் வெள்ளை முளைகள், சாம்பல் நிறப் பூஞ்சணம், புளித்த வாடை. பழைய தானியத்தைக் கொட்டாமல் அதன்மேலேயே புதியதைப் போட்டு வந்திருக்கிறேன். அந்தப் பூஞ்சணம் பறவையின் நுரையீரலைத் தாக்கும். நிலக்கடலையில் பிடிக்கும் பூஞ்சணம் நஞ்சையே உண்டாக்கலாம்.

பிரிட்டனில் 2005-இல் கிரீன்ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவைகளிடையே டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி தலைகாட்டியது. தொண்டை புண்ணாகி, பறவையால் விழுங்க முடியாமல் போகும். அது கக்கிய எச்சில் பட்ட தானியத்தை அடுத்த பறவை கொத்தும். பத்தாண்டுகளில் அந்த இனம் அங்கே பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அந்த ஒட்டுண்ணி காய்ந்த இடத்தில் வெகுநேரம் தாங்காது. ஈரம் இருந்தால் உயிரோடு கிடக்கும். அதனால்தான் மழை நாளில் நிறைந்த குடுவையைவிட, காலியாகக் காய்ந்து கிடக்கும் குடுவை மேல் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பட்டினி பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பல ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த இடங்களில் அதை நிறுத்தி, சிக்கடி என்ற சின்னப் பறவையைக் கவனித்தார்கள். தீனியே வைக்காத இடங்களில் பிழைத்த அளவுக்கு இவையும் பிழைத்தன. கடுங்குளிரில் மட்டும் தீனி பெரிய துணையாக இருக்கிறது. உங்கள் குருவிகளும் இரண்டு வாரம் வேறு இடத்தில் இரை தேடிக்கொள்ளும்.

அதற்குள் குடுவையைப் பாகம் பாகமாகக் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வாடை போகும்வரை அலசி, முழுக்கக் காயவையுங்கள். மூலையில் துளி ஈரம் இருந்தாலும் தானியம் போடாதீர்கள். அடியில் ஓட்டை இல்லையென்றால் நான்கைந்து துளை போடுங்கள். குடுவையின் அகலத்துக்கு மேல் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு மூடி வேண்டும். சாரல் பக்கவாட்டில் அடிப்பதால், காற்று மறைவான பக்கமாகத் தொங்கவிடுங்கள். கீழே சிந்திய தொலியையும் எச்சத்தையும் வாரி அப்புறப்படுத்தி, இடத்தையும் சற்று மாற்றுங்கள்.

மீண்டும் தொடங்கும்போது நிரப்ப வேண்டாம். இரவெல்லாம் உடற்கொழுப்பை எரித்துத்தான் சின்னப் பறவை உடம்புச் சூட்டைக் காக்கிறது. ஆகவே விடிந்ததும் ஒரு கைப்பிடி, பொழுது சாயும் முன் ஒரு கைப்பிடி. மழை வலுத்து, வைத்தது நனைந்துவிட்டால் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.