ஸ்டர்ஜனைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

கேள்வி: பழைய ரஷ்யக் கதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கம் செய்கிறேன். விருந்துக் காட்சியில் ‘ஸ்டர்ஜன்’ வருகிறது. ஒரு நண்பர் ‘சுறா’ என்று போடச் சொல்கிறார், இன்னொருவர் ‘கெளுத்தி’ என்கிறார். இந்தச் சொல்லின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, தமிழில் எதைப் போடலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். நம் மீனவர்கள் வலையில் விழுந்த மீனுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டர்ஜன் நம் கடலிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. பூமியின் வட பாதியில், குளிர்ந்த ஆறுகளிலும் கடல்களிலும் வாழ்கிற மீன் அது. அதனால்தான் அதற்கு நம்மிடம் பெயர் இல்லை.

உங்கள் நண்பர்கள் சும்மா சொல்லவில்லை. சுறாவைப் போலவே இதற்கும் வாலின் மேல்பாதி நீண்டிருக்கும், எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு. மூக்குக்கு அடியில் நான்கு மீசை தொங்குவதைப் பார்த்தால் கெளுத்தி ஞாபகம் வரும். ஆனால் இது அந்த இரண்டிலும் சேராத தனிக் குடும்பம். உடல் நெடுக ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள் ஓடும். வாய் முகத்துக்கு அடியில் இருப்பதால், தான் தின்பதை அதனால் பார்க்க முடியாது. மீசையால் சேற்றைத் தடவித் தடவிப் போகும். புழுவோ நத்தையோ தட்டுப்பட்டால் வாயைக் குழாய்போல் நீட்டி உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தச் சேற்றில்தான் சொல்லின் கதையும் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் பெயர் ‘ஸ்டுரியோ’. கலக்குதல், கிளறுதல் என்ற பொருள் தரும் வேரோடு அதைச் சேர்த்து, ‘அடிச்சேற்றைக் கிளறுகிறவன்’ என்று விளக்குவார்கள். எனக்கும் பிடித்த விளக்கம்தான். ஆனால் அது ஊகம், நிரூபணமானதல்ல. அடிக்குறிப்பில் எழுதினால் ‘என்பர்’ என்று முடியுங்கள்.

சொல் பயணித்த பாதையைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆங்கிலத்துக்கு ஆதியில் ‘ஸ்டுரியா’ என்ற சொந்தச் சொல்லே இருந்தது. அதே ஜெர்மானியக் குடும்பத்தின் ஃபிராங்கியர் வழியாக இந்தப் பெயர் பிரான்சுக்குப் போய் ‘எஸ்டுர்ஜோன்’ ஆனது. நம் ஊரில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆகிறதே, அதேபோல அங்கே முன்னால் ஓர் எகரம் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், 1300 வாக்கில் அந்தப் பிரெஞ்சு வடிவம் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்ததும் பழைய சொல்லின் இடத்தை எடுத்துக்கொண்டது. கட்டிக்கொடுத்த அத்தையின் மகள் அதே குடும்பத்துக்கு மருமகளாகத் திரும்பியது மாதிரி!

1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் ஐரோப்பிய ஸ்டர்ஜனுக்கு ‘அசிபென்சர் ஸ்டுரியோ’ என்று அறிவியல் பெயர் வைத்தார். முதல் பாதி ரோமானியர்கள் அந்த மீனை அழைத்த பெயர், மறுபாதி இந்த ஜெர்மானியப் பெயர்.

அச்சுக்குப் போகுமுன் ‘சர்ஜன்’ என்று தவறியிருக்கிறதா என்று பாருங்கள். அறுவை மருத்துவரைக் குறிக்கும் அந்தச் சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆனால் அதன் வேர் ‘கைவேலை’ என்ற கிரேக்கச் சொல். இந்த மீனோடு உறவில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். ரஷ்யர்கள் மீனை ‘ஒஸ்யோத்ர்’ என்பார்கள், உண்ணும் இறைச்சியை ‘ஒசெத்ரினா’ என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஸ்டர்ஜன்தான். விருந்து மேசையில் இருப்பது இரண்டாவது. ஆகவே வெறும் ‘ஸ்டர்ஜன்’ என்று விடாமல், ‘தட்டில் ஸ்டர்ஜன் மீன் துண்டுகள் ஆறிக்கிடந்தன’ என்பதுபோல எழுதுங்கள். ‘மீன்’ என்ற ஒரு சொல்லே வாசகருக்குப் போதும், அடிக்குறிப்பு தேவைப்படாது. கேவியர் வந்தால் ‘ஸ்டர்ஜன் சினை’ என்று தாராளமாகப் போடலாம்; மீன்சினை தெரியாத வீடு நம்மிடம் குறைவு. அப்புறம், ‘பெலுகா’ வந்தால் மட்டும் நின்று பாருங்கள். வெள்ளை என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ரஷ்ய மொழியில் ‘பெலுகா’ ஸ்டர்ஜன் இனத்தின் பெரிய மீன், ‘பெலுஹா’ வெள்ளைத் திமிங்கலம். ஆங்கிலம் இரண்டையும் ‘பெலுகா’ என்றே எழுதுகிறது. மேசையில் இருந்தால் மீன்.