மதகுக்குக் கீழே ஓடும் ஆறு

அன்புள்ள ஐயா,

வறண்ட மலைநாடுகளில் ஆற்றில் அளக்கப்படும் நீரை அந்த ஆற்றின் நீர் என்று அப்படியே கொள்ளக்கூடாது என எழுதியிருந்தீர்கள். மே மாதம் குடும்பத்துடன் உஸ்பெகிஸ்தான் சென்றபோது அது நினைவுக்கு வந்தது. சமர்கந்தில் ஓரளவு நீரோடு பார்த்த செராவ்ஷான் ஆறு, புகாராவைத் தாண்டியதும் மணலில் மறைந்துவிடுகிறது என்றார் வழிகாட்டி. நீங்கள் அதை மத்திய ஆசியாவின் பெரிய ஆறான அமு தாரியாவின் துணையாறு என்றல்லவா குறிப்பிட்டிருந்தீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நீரியல் படிக்கும் என் மகள் இதே ஆற்றின் நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்றை அமைத்திருக்கிறாள். பாசனத்தைத் தனியாகச் சேர்க்காமலேயே, கணக்கிட்ட நீரும் அளந்த நீரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு 0.85 வந்துவிட்டதாம். இவ்வளவு நன்றாகப் பொருந்தும்போது உங்கள் ஐயம் மிகையானது என்கிறாள்.

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

துணையாறு என்று நான் எழுதியது பழைய நிலப்படத்தின் வழக்கு. தாஜிகிஸ்தானின் பனியாறு ஒன்றில் பிறக்கும் செராவ்ஷான் இன்று அமு தாரியாவைத் தொடுவதில்லை என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். 1960களில் வெட்டப்பட்ட கால்வாய் ஒன்றின் வழியே அமு தாரியாவின் நீர் எந்திரங்களால் மேலேற்றப்பட்டுப் புகாராவுக்கு வருவதால், கொடுக்க வேண்டிய ஆற்றின் வயல்கள் இன்று பெரிய ஆற்றிடம் வாங்கிக் குடிக்கின்றன. வைகையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. அது கடலைச் சேராததற்கு நம் புலவர்கள் அழகான காரணங்களைக் கற்பித்தார்கள். மதகுகளையும் கண்மாய்களையும் காரணமாகச் சொன்னவர்கள் குறைவு.

உங்கள் மகளின் 0.85க்கு வருகிறேன். 1970இல் நாஷும் சட்கிளிஃபும் முன்வைத்த அந்த அளவீட்டில் 1 என்றால் முழுப் பொருத்தம். நீண்டகாலச் சராசரியையே எல்லா நாளுக்கும் விடையாகச் சொன்னால் கிடைப்பது 0. பனியுருகலால் ஓடும் ஆறுகளிலோ ஒவ்வோர் ஆண்டும் கோடையில் நீர் பெருகிக் குளிர்காலத்தில் வற்றும். இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்துவிட்ட மாதிரியும், ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறவே தவறவிட்டாலும், கௌரவமான மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே அவர் முதலில் அந்த 0.85ஐ, ஒவ்வொரு நாளுக்கும் அதே நாளின் பல்லாண்டுச் சராசரியை விடையாகத் தந்தால் கிடைக்கும் மதிப்போடு ஒப்பிடட்டும். எஞ்சும் இடைவெளிதான் மாதிரியின் சொந்த உழைப்பு.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. மலையிலிருந்து 100 பங்கு நீர் இறங்குவதாகவும், கால்வாய்கள் அதில் 60 பங்கை எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். அளவு நிலையம் கால்வாய்களுக்குக் கீழே இருந்தால் அது 40ஐத்தான் காணும். பாசனம் என்ற ஒன்றே இல்லாத மாதிரியிடம் இந்த 40ஐக் கொடுத்து அதன் அளவுருக்களை, அதாவது மண்ணையும் மலையையும் குறிக்கும் உள்ளெண்களை, திருத்தச் சொன்னால், அது காணாமற்போன 60ஐ ஆவியாதலிலோ மண்ணின் கொள்ளளவிலோ ஒளித்துவைக்கும். வயலில் பாய்ந்த நீரில் ஒரு பகுதி கசிந்து, சில வாரங்கள் கழித்து இலையுதிர்காலத்தில் ஆற்றுக்கே திரும்பும்போது, அதையும் மலையின் நிலத்தடி நீர் மெல்லச் சுரப்பதாகவே அது கற்றுக்கொள்ளும். மனிதர் கதவு திறந்து மூடிய வரலாறு முழுவதும் பாறையின் இயல்பாகப் பதிவாகிவிடுகிறது.

இத்துடன் ஒரு தற்செயலான உதவியும் கிடைத்துவிடுகிறது. மலைநாட்டில் மழைமானிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில், ஆட்கள் வசிக்கும் இடங்களில் இருக்கின்றன. மழையும் பனியும் மிகுதியாக விழுவது உயரத்தில். மானி இருக்கும் இடத்திலும் காற்று பனித்துகளை அதன் வாய்க்குள் விழவிடாமல் அடித்துச் செல்வதால் பதிவாவது உண்மையைவிடக் குறைவு. வரவு குறைத்துக் காட்டப்படுகிறது, செலவோ சேர்க்கப்படவே இல்லை, ஆனாலும் ஐந்தொகை நேராகிவிடுகிறது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தின்று தீர்த்த கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். நீரியலில் அதற்கு 0.85 கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

நேற்றைய நிலை மாறாதவரை இதனால் பெரிய கேடில்லை. ஆனால் மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மலையின் வரவு 100இலிருந்து 80ஆகக் குறைகிறது என்று கொள்வோம். உழவர்கள் விதைத்துவிட்டார்கள், கால்வாய் வழக்கம்போல 60ஐ எடுக்கும். கீழே மிஞ்சுவது 20. மலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கடைமடையில் பாதி போய்விடுகிறது. அந்த 60ஐ மண்ணுக்குள் புதைத்துவைத்திருக்கும் மாதிரி இதைச் சரியான அளவில் காட்டும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஏரல் கடலுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். 1960இல் அது உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் தந்த மலைகள் வறண்டுபோகவில்லை, பருத்திக்காகக் கால்வாய்கள் பெருகின. 1980களில் சில ஆண்டுகளில் அமு தாரியாவின் நீர் அந்த ஏரியை எட்டவே இல்லை.

பருத்தி மட்டுமல்ல, அரசியலும் ஆற்றின் போக்கை மாற்றும். கிர்கிஸ்தானின் நாரின் ஆற்றில் உள்ள தொக்தொகுல் அணை, சோவியத் காலத்தில் கீழ்நாட்டு வயல்களுக்காகக் கோடையில் நீர் திறந்துவிட்டது; பதிலுக்கு எரிபொருள் மேல்நாட்டுக்கு வந்தது. 1991க்குப் பின் அந்தக் கொடுக்கல் வாங்கல் குலைய, கிர்கிஸ்தான் குளிர்கால மின்சாரத்துக்காக நீரைத் திறக்கத் தொடங்கியது. கோடையில் பாய வேண்டிய நீர் குளிர்காலத்தில் கீழே வெள்ளமாக வந்தது. சோவியத் கால அளவீடுகளால் பழக்கப்பட்ட ஒரு மாதிரி, இதைப் பனி உருகும் பருவமே மாறிவிட்டது என்று விளங்கிக்கொள்ளாதா? இத்தனை தொலைவும் போக வேண்டாம். நமக்கு நீர் தரும் மலேசியாவின் ஜொகூர் ஆற்றில், மேலே லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. கீழே 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நாம் எடுக்கலாம். இவ்விரண்டையும் விட்டுவிட்டு மழையை மட்டும் கொண்டு அந்த ஆற்றைக் கணக்கிட இங்கே யாரும் துணியமாட்டார்கள். புகாராவில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை, சிங்கப்பூரில் ஒரு சராசரி மாதத்தில் பெய்வதைவிடக் குறைவு. அங்கே பாசனத்தை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய விடுபாடு என்று பாருங்கள்.

உங்கள் மகள் மாதிரியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மதகுகளுக்கு மேலே உள்ள நிலையத்தில் மலையை மட்டும் முதலில் பொருத்திவிட்டு, அந்த அளவுருக்களைத் தொடாமல், கீழே பாசனத்தைத் தனி அங்கமாகச் சேர்க்கலாம். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் படங்களில் எந்த ஆண்டு எவ்வளவு நிலம் பச்சையாக இருந்தது என்று அளக்க முடியும். பயிரின் நீர்த்தேவையைக் கணக்கிட ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் 1998ஆம் ஆண்டு வழிமுறை இருக்கிறது. ஆனால் தேவை வேறு, உண்மையில் திறந்துவிடப்பட்டது வேறு. நம் ஊர்க் கண்மாய்களில் நீர்க்கட்டி இருப்பதுபோல அந்தப் பகுதிகளில் முறைவைத்து நீர் பங்கிடுபவருக்கு மிராப் என்று பெயர். எந்த வாய்க்கால் எந்த வாரம் அடைபட்டது என்பது எந்தச் செயற்கைக்கோளையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வாய்க்கால்களுக்குச் சிமெண்டு பூசினால் ஆற்றில் நீர் கூடும் என்று கணக்கிடும் ஆசை உங்கள் மகளுக்கு வரக்கூடும். அவசரப்பட வேண்டாம். கசிந்த நீரில் ஒரு பகுதி ஏற்கெனவே ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கசிவை அடைத்து மிச்சப்பட்ட நீரில் இன்னும் கொஞ்சம் நிலம் பயிரானால், கீழே ஓடுவது முன்பைவிடக் குறையும்.

அவர் எடுத்துக்கொண்ட அளவு நிலையம் தாஜிகிஸ்தான் பக்கத்துப் பஞ்சகெந்து நகருக்கு மேலே இருக்கிறதா, சமர்கந்துக்குக் கீழே இருக்கிறதா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து அறிய முடியவில்லை. மேலே என்றால் நான் எழுதியதில் பாதியை அவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. கேட்டு எழுதுங்கள்.