தத்து கொடுக்குற மையம் ஆரம்பிக்க பேங்க்ல எவ்ளோ காட்டணும்?

ஒருத்தர் கேட்டிருக்குற கேள்வி என்னன்னா, சென்னையில டிரஸ்ட் வச்சிருக்கேன், குழந்தைங்கள தத்து கொடுக்குற ஏஜென்சி லைசென்ஸ் வாங்க எவ்ளோ டெபாசிட் காட்டணும்னு. நான் புரசைவாக்கம் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பல வருஷமா குப்பை கொட்டுறேன், ரெண்டு மூணு குழந்தைங்க இல்லத்துக்கு கணக்கு பாத்த அனுபவத்துல சொல்றேன்.

டெபாசிட்ட விடுங்க. அரசு தரப்புல பாக்குறது கடைசி மூணு வருஷ பேலன்ஸ் ஷீட்ட, காசு எங்கேருந்து வந்துச்சு எங்க போச்சுன்னு. புது டிரஸ்ட்னா இங்கயே மாட்டும். அதோட டிரஸ்ட் டீடு, டிரஸ்டிங்க லிஸ்ட், இதுவரைக்கும் செஞ்ச சேவை விவரம், யார் மேலயும் குழந்தை சம்பந்தமா கேஸ் இல்லன்னு ஒரு உறுதிமொழி, இதெல்லாம் வச்சு 2015 இளைஞர் நீதிச் சட்டம் 41-வது பிரிவுல முதல்ல இல்லமா பதிவு பண்ணணும். சர்டிபிகேட் 5 வருஷத்துக்கு செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். பதிவே இல்லாம குழந்தைங்கள வச்சிருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல குறைஞ்சது 1 லட்சம் ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதுக்கப்புறம்தான் 65-வது பிரிவுல சிறப்பு தத்துவள மையம்னு அரசு அங்கீகாரம். நிறைய பேர் முதல் படிய வாங்கிட்டு ரெண்டாவதும் கிடைச்ச மாதிரி போர்டு மாட்டிடுறாங்க, அது வம்பு.

வரிச் சலுகைக்கு வாங்குற 80ஜி, 12ஏ எல்லாம் இன்கம்டாக்ஸ் சமாச்சாரம், இதோட போட்டு குழப்பிக்காதீங்க. வெளிநாட்டுப் பணம் வாங்கணும்னா எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு தனி, அதுல வர்ற காசு முதல்ல டெல்லியில இருக்குற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் விழணும், அதுல 20 சதவீதத்துக்கு மேல நிர்வாகச் செலவு காட்ட முடியாது.

உண்மையான சிக்கல் தத்து எடுக்குறவங்க கிட்ட வாங்குற காசுலதான். என்ன வாங்கலாம்னு காரா (தத்து விஷயத்தப் பாக்குற மத்திய அரசு ஆணையம்) விதியே எழுதி வச்சிருக்கு, 2017 விதிகள்ல வீட்டு ஆய்வறிக்கைக்கு 6,000, குழந்தையோட பராமரிப்பு நிதிக்கு 40,000. 2022-ல புது விதிகள் வந்துடுச்சு, இன்னைக்கு என்ன ரேட்டுன்னு அதுல பாத்துக்கோங்க. அதுக்கு மேல நன்கொடைன்னு பத்து பைசா கூட வாங்கக் கூடாது, நேராவும் சரி, சுத்தி வளைச்சும் சரி.

ஒரு தடவ ஒரு இல்லத்து ரசீது புக்க புரட்டிட்டு இருந்தேன். அன்னதானம்னு 25,000, கொடுத்தவர் பேரு எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. தத்து ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தா அதே பேரு, குழந்தைய வாங்கிட்டுப் போனதுக்கு முந்தின நாள் தேதி. அங்க இருந்த அம்மாவக் கேட்டா, "பாவம் சார், சந்தோஷத்துல அவங்களா கொடுத்தாங்க, நாங்க கேக்கவே இல்ல"ன்னு சொன்னாங்க. பொய் சொன்ன மாதிரி தெரியல. ஆனா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு சந்தோஷத்துக்குன்னு தனி கட்டம் கிடையாதே, அவங்க கண்ணுக்கு அது குழந்தைக்கு வாங்கின விலையாத்தான் தெரியும், வித்தாங்கன்னு முடிவாச்சுன்னா அதே சட்டத்துல 81-வது பிரிவு, குழந்தைய பொறுப்புல வச்சிருக்குறவங்கன்னா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் உள்ள போகணும். அன்னைக்கே செக் போட்டு திருப்பி அனுப்ப வச்சோம், கூட வச்ச லெட்டர நான்தான் டைப் அடிச்சேன்.