மலைக்கு யார் கோடு போட்டது?

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் எடுத்த மலை, ஏரிப் படங்களை இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வானம் பெயின்ட் அடித்த நீலம், புல் பிளாஸ்டிக் பச்சை. ரா ஃபைல்கள் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) பத்திரமாக உள்ளன. மறுபடி எடிட் செய்யலாமா, அது பழைய படத்துக்குச் செய்யும் துரோகமா?

பதில்: துரோகமெல்லாம் பெரிய வார்த்தை. தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் பிளாஸ்டிக் புல்லைவிட மோசமான ஒன்று என்னிடம் இருக்கிறது. 2011-இல் ஓர் ஏரிக்கரையில் விடியற்காலையில் எடுத்தது. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று எக்ஸ்போஷரைச் சேர்த்து, நிழலும் வெளிச்சமும் ஒரே படத்தில் தெரியும்படி ஹெச்டிஆர் ஆக்கினேன். அப்போது பலருக்கும் அந்தப் பித்து பிடித்திருந்தது. மலை விளிம்பு முழுக்க வெள்ளையாக ஒரு கோடு ஓடும். அதைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் வேறு மாட்டினேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன், ஐந்தாறு வயதிருக்கும், “மாமா, மலைக்கு யார் கோடு போட்டது?” என்று கேட்டான். அதுவரை என் கண்ணில் அது படவேயில்லை.

போன வருடம் சரிசெய்ய உட்கார்ந்தேன். முதல் தப்பு, அந்த ஹெச்டிஆர் ஃபைலையே திறந்தது. நிறத்தைக் கொஞ்சம் குறைப்பேன், பரவாயில்லை என்று தோன்றும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதுவும் அதிகம். முன்னால் இருப்பதற்கே கண் பழகிவிடுகிறது. அந்த வெள்ளைக் கோடோ படத்தில் ஊறிப்போய்விட்டது, எந்த ஸ்லைடரும் அதைக் கழுவாது.

அப்புறம் மூன்றில் நடு எக்ஸ்போஷரின் ராவை மட்டும் புதிதாகத் திறந்தேன். சுருக்கிச் சேமித்த சாதாரணப் படமான ஜேபெக் ஒளியை 256 படிகளில் வைத்திருக்கும். 14 பிட் ராவுக்கு 16,384 படிகள். நிழலைத் தூக்கியதும் கரையோர நாணல் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைய மென்பொருளில் இவ்வளவு தூக்கியிருந்தால் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான பிசிறு, கொட்டியிருக்கும். இப்போதுள்ளவை அதை நன்றாகவே துடைக்கின்றன. மூன்று ஷாட்டும் தேவையே இருந்திருக்கவில்லை! அதைவிட, தண்ணீர்மேல் பனிமூட்டம் இருந்தது. அதற்காகத்தான் அன்று நடுங்கிக்கொண்டு நின்றேன். படத்தைத் துலக்கிக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரை ஏற்றி ஏற்றி நானே அதைத் தின்றுவிட்டிருக்கிறேன்.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு சின்ன விஷயம். 2012-க்கு முந்தைய எடிட் பழைய ப்ராசஸ் வெர்ஷனிலேயே (எடிட்டைக் கணக்கிடும் முறையின் பதிப்பு) நிற்கலாம். ஷேடோஸ் ஸ்லைடர் இருக்க வேண்டிய இடத்தில் ஃபில் லைட் தெரிந்தால் அதுதான் காரணம். விர்ச்சுவல் காப்பி (ஃபைலை நகலெடுக்காமல் எடிட்டை மட்டும் தனியாக வைப்பது) ஒன்று எடுத்து, அதில் ரீசெட் செய்து, புதிய வெர்ஷனுக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வயதானால் எல்லோரும் நிறத்தை அடக்கிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த கறுப்பு வெள்ளை நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய கறுப்பு. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர். நான் இப்போது வெளிறிய பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். இதுவும் ஒரு மோஸ்தர்தானோ என்று சந்தேகம் உண்டு.

கேள்வி: என்னிடம் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வெளுத்துப்போன மேகம் திரும்பாது, அதை விட்டுவிடுங்கள். வானத்தை ரொம்ப இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். நிறத்தை லேசாகக் குறைக்கலாம். கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள், பாதிப் பாவம் அதிலேயே போய்விடும். மூல ஃபைல்மேல் மட்டும் சேமிக்காதீர்கள்; ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் இன்னும் கொஞ்சம் இழக்கும்.

கேள்வி: புதிய எடிட் திருப்தியாக இருந்தால் பழையதை அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நானும் அந்தப் பழைய பிரிண்டைக் கழற்றவில்லை, புதியதைப் பக்கத்தில் மாட்டினேன். கோடு யார் போட்டது என்று கேட்டானே, அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சமீபத்தில் வந்தவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழையதுதான் நன்றாக இருக்கிறது என்றான்.