மூன்று இலைக் கொடியை அவிக்காதீர்கள். வெள்ளைக் காச்சிலை நடுங்கள்

கேள்வி: களியக்காவிளை பக்கம் எங்களுக்கு 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. மரங்களுக்கு 30 வயது தாண்டிவிட்டது. ஊடே வருஷா வருஷம் கொஞ்சம் காச்சிலும் (கொடியில் விளையும் பெரிய வள்ளிக்கிழங்கு) சேனையும் போடுவேன். நைஜீரியாவில் வேலை பார்க்கும் மச்சினன், அங்கே காட்டிலிருந்து எடுத்துப் பழக்கிய ஒரு வள்ளிக்கிழங்கு உண்டு, நம்ம காச்சிலைவிட மாவு அதிகம், அடுத்த லீவில் இரண்டு கிழங்கு கொண்டு வருகிறேன் என்கிறார். இதற்கிடையில் எங்கள் வேலி ஓரத்தில் மூன்று மூன்று இலையாக ஒரு முள்ளுக்கொடி தானாக முளைத்துப் படர்ந்திருக்கிறது. தோண்டினால் அடியில் கொத்தாகக் கிழங்கு. பக்கத்து விளைக்காரர், இதுவும் ஆப்பிரிக்கக் காச்சில்தான், அவித்துத் தின்னலாம் என்கிறார். தின்னலாமா சார்? ஆட்டுக்காவது போடலாமா? ஆப்பிரிக்கக் காச்சிலை 20 சென்டில் நட என்ன வழி?

பதில்: முதலில் வேலி ஓரத்துக் கொடி. அதை அவிக்க வேண்டாம், ஆட்டுக்கும் போட வேண்டாம். நடவு பற்றி அப்புறம் பேசலாம், இதை இன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும்.

ஒரே காம்பில் மூன்று இலை, தண்டில் முள், மேலாகவே கொத்துக் கிழங்கு என்று நீங்கள் சொல்வது டயாஸ்கோரியா ஹிஸ்பிடா என்ற நம் நாட்டுக் காட்டுவள்ளிக்குப் பொருந்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது உண்டு. அதன் கிழங்கில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். சும்மா ஒரு கொதி விட்டு அவித்தால் அந்த நஞ்சு போகாது. பஞ்ச காலத்தில் இதைத் தின்ற இடங்களில் மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த பிறகுதான் வாயில் வைத்தார்கள். பரம்பரையாகச் செய்துவந்தவர்கள் கைக்கு அது வரும். புத்தகத்தைப் பார்த்தோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டோ செய்து பார்க்கிற காரியம் அல்ல. யாராவது தெரியாமல் தின்று தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சமிருக்கும் கிழங்கையும் ஒரு இலையையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பக்கத்து விளைக்காரர் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். ஆப்பிரிக்காவிலும் மூன்று இலை வள்ளி ஒன்று உண்டு, டயாஸ்கோரியா டூமெட்டோரம் என்பது அதன் பெயர். அதில் பயிர் செய்கிற ரகங்களை மேற்கு ஆப்பிரிக்காவில் அவித்துச் சாப்பிடுகிறார்கள். தோண்டிய ஓரிரு நாளிலேயே கிழங்கு இறுகிப்போய்விடும், அதன்பிறகு எவ்வளவு நேரம் அவித்தாலும் மெதுவாகாது என்பதால், எடுத்த கையோடு சமைத்தாக வேண்டும். ஆனால் அதே செடியின் காட்டு வகைகள் அங்கேயும் விஷம்தான். ஆக, கண்டம் எதுவானாலும் மூன்று இலை என்றால் கையை எடுத்துவிடுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் காட்டுவள்ளிகளில் பல வகைகளைத் தோண்டித் தின்கிறார்கள், உண்மைதான். கொடியையும் இலையையும் பருவத்தையும் வைத்து எது தின்னக்கூடிய கவலைக்கிழங்கு, எது ஆகாதது என்று அவர்கள் பிரித்துவிடுவார்கள். அந்த அறிவு இல்லாமல் அந்தத் துணிச்சல் மட்டும் நமக்கு வரக்கூடாது.

இனி மச்சினன் சொல்லும் கிழங்கு. அது பெரும்பாலும் டயாஸ்கோரியா ரொட்டண்டேட்டா. இங்கே வெள்ளைக் காச்சில், ஆப்பிரிக்கக் காச்சில் என்று சொல்வது இதைத்தான். காட்டிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. பெனின் நாட்டு விவசாயிகள் காட்டில் கண்ட வள்ளியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பல வருஷம் திரும்பத் திரும்ப நட்டுத் தேர்ந்தெடுத்துப் பயிராக்கிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, இந்தப் பயிர் நைஜர் ஆற்றுப் படுகைப் பக்கம் காட்டுவள்ளியிலிருந்து வந்தது என்று காட்டியது. உலகத்தில் விளையும் வள்ளிக்கிழங்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில்தான் விளைகிறது. அவித்து, உரலில் போட்டு இடித்து, உருண்டையாக்கிக் குழம்பில் தொட்டு உண்பார்கள். மாவு அதிகம் என்பது சரி.

ஆனால் அவரைக் கிழங்கு கொண்டுவர விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடுகிழங்கைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சட்டத்துக்கு விரோதம். சட்டத்தை விடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வள்ளியைத் தாக்கும் மொசைக் வைரஸும், கிழங்கைத் தோலுக்கடியில் உலர்ந்து அழுகவைக்கும் நூற்புழுவும் உண்டு. இரண்டும் நல்ல கிழங்கு மாதிரியே தெரியும் கிழங்குக்குள் ஒளிந்து வரும். மரச்சீனி (மரவள்ளி) மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் முதலில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வரை மரச்சீனிக்காரர்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கிழங்குக்காக அப்படி ஒன்றை நம் ஊருக்குக் கூட்டிவர வேண்டாம்.

அவசியமும் இல்லை. திருவனந்தபுரம் நகரைத் தாண்டி வடக்கே ஸ்ரீகார்யத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த வெள்ளைக் காச்சிலில் நமக்கு ஏற்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஸ்ரீ சுப்ரா, ஸ்ரீ பிரியா இரண்டும் படரும் கொடி, ஹெக்டேருக்கு 35 முதல் 40 டன் வரை தரக்கூடியவை. ஸ்ரீ தன்யா குட்டையாகப் புதர் போல நிற்கும், பந்தலோ கம்போ வேண்டாம், விளைச்சல் 20 டன் அளவில் இருக்கும். உங்கள் தோப்பில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் ஸ்ரீ பிரியா, தேங்காய் விழும் இடத்திலும் ஆள் நடமாடும் வழி ஓரத்திலும் ஸ்ரீ தன்யா என்று கலந்து போடுங்கள். 30 வயது தென்னை என்பதால் நிழல் பெரிய தொல்லையாக இருக்காது. இதே கேள்வியை முதிர்ந்த ரப்பர் தோட்டத்துக்காரர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கிழங்கு வாங்கும்போது இலையும் கொடியும் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பழைய காச்சிலின் தண்டு நாலு பட்டையாக, ஓரத்தில் சிறகு வைத்தது போல இருக்கும். வெள்ளைக் காச்சிலின் தண்டு உருண்டை, அடியில் முள் இருக்கும். இரண்டுக்கும் இலை ஒற்றை இலைதான், இதய வடிவம், எதிரெதிராக வரும். கம்பில் இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றும். வேலி ஓரத்து மூன்று இலைக் கொடி அதற்கு நேர் எதிர்ப் பக்கமாகச் சுற்றுவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பயிரில் காசு கரைவது விதைக்கிழங்கில். கணக்கைப் பாருங்கள். 90 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 சென்டுக்கு 1000 மூடு, அதாவது 1000 செடி. தென்னை மூட்டைச் சுற்றி 2 மீட்டர் விட்டுவிட்டால் 750 மூடு வரும். மூட்டுக்கு 250 கிராம் துண்டு என்றால் கிட்டத்தட்ட 190 கிலோ விதை. புதிதாக ஒரு ரகம் தொடங்குகிறவர் இவ்வளவையும் விலைக்கு வாங்கினால் முதல் வருஷ வரவு விதைச் செலவுக்கே போய்விடும். அதனால் முதல் வருஷம் 10 கிலோ மட்டும் வாங்கி, குறுந்துண்டு முறையில் பெருக்குங்கள். கிழங்கை 5 சென்டிமீட்டர் கனத்தில் வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் தோல் ஒட்டியிருக்கும்படி 25 முதல் 30 கிராம் துண்டுகளாக்குங்கள். ஒரு கிலோவுக்கு 30 துண்டுக்கு மேலேயே வரும். தோல் இல்லாத நடுச்சதையில் முளை வராது, அதைக் குழம்பில் போடலாம். துண்டுகளைச் சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி, மணலோ தென்னைநார்க் கழிவோ பரப்பிய பாத்தியில் தோல் மேலே இருக்கும்படி வைத்து, நிழல் கொடுத்து ஈரம் காக்கவும். முளைத்து இரண்டு மூன்று இலை விட்டதும் 60க்கு 45 சென்டிமீட்டரில் பிடுங்கி நடலாம். இதிலிருந்து வருவது சிறு கிழங்குதான். முதல் வருஷம் அதை விற்க ஆசைப்படாதீர்கள், அடுத்த வருஷம் அப்படியே முழுசாக நட நல்ல விதை அது.

இரண்டாம் வருஷ முழு நடவுக்கு மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் சரி. சேனைக்கு 'கும்பத்தில் நட்டால் குடத்தளவு' என்பார்கள் (கும்பம் என்பது மாசி மாதம்), காச்சிலுக்குக் கோடை மழை ஒன்று விழும்வரை பொறுக்கலாம். 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் குழி, மேல்மண்ணோடு ஒரு கிலோவுக்குக் குறையாமல் மக்கிய சாணம் கலந்து முக்கால் பங்கு நிரப்பி, கிழங்கை வைத்து மூடுங்கள். நட்ட அன்றே காய்ந்த சருகைக் கனமாகப் போட்டு மூட வேண்டும். நாளைக்குப் போடலாம் என்று விடுகிற ஒரே நாள் வெயிலில் கிழங்கு வெந்துபோகும்.

உரம் 100 மூட்டுக்கு: யூரியா 1.4 கிலோ, ராக் பாஸ்பேட் 2.4 கிலோ, பொட்டாஷ் 1.1 கிலோ. முளைத்த ஒரு வாரத்தில் பாஸ்பேட் முழுவதும், மற்ற இரண்டில் பாதியும். மீதியை ஒரு மாதம் கழித்துக் களை எடுத்து மண் அணைக்கும்போது வைத்துவிடலாம்.

முளைத்த 15 நாளுக்குள் கொடியைக் கயிற்றில் ஏற்றிவிடுங்கள். பல பேர் தென்னை மூட்டிலேயே சுற்றிவிடுகிறார்கள். தேங்காய் வெட்ட ஏறுகிறவர் முள்ளுக்கொடியில் கால் வைக்க வேண்டிவரும், அது பாவம். 3 மீட்டர் கமுகுக் கம்போ மூங்கிலோ நட்டு, ஒரு கம்புக்கு நாலு கொடியாக ஏற்றலாம். இலை வெயிலில் விரிந்து நின்றால்தான் கிழங்கு பெருக்கும்.

இலைக்கருகல் நோய் பழைய காச்சிலை அடிக்கிற அளவுக்கு இதை அடிப்பதில்லை. கவனிக்க வேண்டியது செதில் பூச்சி. கிழங்குத் தோலில் சாம்பல் நிறப் பொருக்குப் போல ஒட்டியிருக்கும். அப்படி இருக்கும் கிழங்கை விதைக்கு வைக்கவே கூடாது.

அறுவடை 9, 10 மாதத்தில், கொடி மஞ்சளாகிக் காயும்போது. டிசம்பர், ஜனவரி என்பதால் திருவாதிரைப் புழுக்குக்கும் பொங்கல் சந்தைக்கும் சரியாக வரும். ஹெக்டேருக்கு 35 டன் என்பது மூட்டுக்கு ஏறத்தாழ 2.8 கிலோ. தோப்புக்குள் அதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல் என்று கணக்குப் போடுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளிடமிருந்து ஒரு வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் காச்சிலை அவர்கள் ஒரே கொடியில் இரண்டு முறை அறுப்பார்கள். 5, 6 மாதத்தில் மண்ணைப் பக்குவமாக விலக்கி, வேரையும் கொடியையும் காயப்படுத்தாமல் பெரிய கிழங்கை மட்டும் தலைப்பகுதிக்குக் கீழே அறுத்து எடுத்துவிட்டு, மண்ணை மூடிவிடுவார்கள். கொடி தொடர்ந்து வளர்ந்து சீசன் முடிவில் சிறு சிறு கிழங்குகளைக் கொடுக்கும். அதுதான் அவர்களுக்கு விதை. நாம் மார்ச்சில் நட்டால் இந்த முதல் அறுப்பு ஓணத்தை ஒட்டி வரும், எல்லைக்கு அந்தப் பக்கம் கிழங்குக்கு விலை இருக்கும் நேரம். கை பழகும்வரை பத்து மூட்டில் மட்டும் செய்து பாருங்கள்.

விதைக்கு வைக்கும் கிழங்கைக் குவித்துப் போடாதீர்கள். காற்றோட்டமான நிழலில், மணல் பரப்பி ஒரே அடுக்காக வைத்தால் போதும். இரண்டு மூன்று மாதம் தூங்கிவிட்டு நடவு நேரத்துக்கு முளை காட்டும். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெதுவானதையும் எலி கடித்ததையும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், இந்த மழைக்காலத்திலேயே வேலி ஓரத்து மூன்று இலைக் கொடியின் ஒரு கிளையைக் கிழங்கோடு ஸ்ரீகார்யம் எடுத்துப்போய்க் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுதான் என்று சொன்னால், கையுறை போட்டு அடிக்கிழங்கு மிச்சமில்லாமல் தோண்டி, ஆடு எட்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.