ஓடுபாதைப் பறவைகள்: கேட்டவர்களுக்குப் பதில்

விமான நிலையத்தில் பறவைகளை ஓடுபாதைப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: ஒரு சின்னப் பறவை அவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?

ஒற்றைப் பறவை மோதினால் பெரும்பாலும் விமானம் பத்திரமாக இறங்கிவிடும். பயமெல்லாம் கூட்டத்தைப் பார்த்துத்தான். 1960 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் மேலேறிய விமானம் ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்து விழுந்தது. 62 பேர் இறந்தார்கள். ஸ்டார்லிங் நம் மைனாவுக்குச் சொந்தக்காரன், எடை 100 கிராம்கூட வராது. 2009இல் நியூயார்க்கில் மோதியவை கனமான வாத்துகள். இரண்டு என்ஜினும் போய், விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அதில் 155 பேரும் பிழைத்தார்கள்.

கே: வெடி வைத்து விரட்ட வேண்டியதுதானே?

விரட்டுகிறோம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சத்தம் கேட்டால் பறவைக்குச் சில நாளில் பழகிவிடும். சத்தமெழுப்பும் வாயு பீரங்கியின் மேலேயே காகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கே: சரி, அப்புறம் என்னதான் வழி?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பறவை ஏன் வருகிறது? இரை, தண்ணீர், உட்கார இடம். மழை விட்டதும் ஓடுபாதையில் நடந்து பாருங்கள்: ஈரத் தார் மேல் மண்புழு நெளியும், கொஞ்ச நேரத்தில் கொக்கு வந்து நிற்கும். அப்போது கொக்கைத் துரத்துவதைவிடப் புழுவைக் கூட்டித் தள்ளுவதுதான் உருப்படியான வேலை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. குப்பைக் கிடங்கு 13 கிலோமீட்டருக்குள் வேண்டாம் என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

புல்தான் பெரிய தலைவலி. பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடுவார்கள். பூச்சி கண்ணில் படாது, எதிரி வருவதும் தெரியாது, அதனால் கூட்டமாக இறங்கும் பறவைகள் தயங்கும். ஆனால் அதை எல்லா இடத்திலும் அப்படியே செய்ய முடியாது. உயரப் புல்லில் எலி பெருகினால் பருந்து வரும், விதை பிடித்தால் புறா வரும். என்ன புல், என்ன பறவை என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

கே: என்ஜின் முன்னால் வலை கட்டக் கூடாதா?

அந்த வேகத்தில் வரும் பறவையைத் தாங்கும் வலை காற்றையும் மறிக்கும், பனி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். பிய்ந்தால் வலையே என்ஜினுக்குள் போய்விடும்.

கே: தரைப் பணியில் இருக்கிறேன். மோதிய பறவை எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும் தம்பி. பருந்து என்றால் எலியைத் தேடுவேன், கொக்கு என்றால் ஈரத்தைத் தேடுவேன். அறிக்கையில் வெறும் 'பறவை' என்று எழுதியிருந்தால் எதைத் தேடுவது? பாஸ்டன் விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்ஸி லேபோர்ன் என்ற பறவை ஆய்வாளர் சிதைந்த இறகைக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இப்போது இரத்தக் கறை இருந்தாலே டிஎன்ஏ சொல்லிவிடும். அதனால் தண்ணீர் அடித்துக் கழுவும் முன் கறையைத் துடைத்தெடுத்து, இறகு கிடந்தால் அதையும் சேர்த்து உறையில் போட்டு, தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.